நேபாள ஏட்டுக் கம்பை ஓவியம்: காட்சிகளை அடையாளம் காண்பது, வெளிப்பக்கத்துப் படிவைத் துடைக்கலாமா?

ராமபாணம் (கேள்வி):

வணக்கம். அஷ்டசாஹஸ்ரிகா பிரக்ஞாபாரமிதா என்ற மகாயான பௌத்த நூலின் பனையோலை ஏடு ஒன்றுக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு மரப்பலகைகளுக்கு விவரக்குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. பழைய பதிவேட்டில் ஒரே வரிதான்: ‘புத்தர் வாழ்க்கையும் சிபி ஜாதகமும், நேபாளம், 12-ஆம் நூற்றாண்டு’.

பலகை ஒவ்வொன்றும் 41.5 செ.மீ. நீளம், 5.8 செ.மீ. அகலம், கனம் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. இரண்டிலும் கயிறு கோக்க இரண்டிரண்டு துளைகள். ஓவியம் உட்பக்கத்தில் மட்டும். வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாக, மெழுகு பூசியதுபோல் ஏதோ படிந்து கெட்டியாகியிருக்கிறது.

முதல் பலகையில் சிறு தூண்களால் பிரித்த எட்டுக் கட்டங்கள். பிறப்பு, நிலத்தைத் தொடும் புத்தர், குரங்கு, பரிநிர்வாணம் ஆகிய நான்கும் தெரிகின்றன. மீதி நான்கில் இரண்டு அமர்ந்த கோலம், இரண்டும் ஒரே முத்திரை. மற்ற இரண்டு நின்ற கோலம், அவையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன.

இரண்டாம் பலகையின் நடுவில் மஞ்சள் நிறப் பெண் தெய்வம். இருபுறமும் கட்டம் பிரிக்காமல் ஓடும் காட்சிகள். இடப்பக்கம் ஒருவர் கத்தியால் தன் தொடையை அறுக்கிறார், மேலே உப்பரிகையிலிருந்து ஒரு பெண் பார்க்கிறாள். வலப்பக்கக் கடைசியில் ஒரு மண்டபம், அதற்குள் பீடத்தின் மேல் நீளமான ஏதோ ஒன்று.

இவை எந்தக் காட்சிகள்? எது மேல்பலகை? வெளிப்பக்கத்தைத் துடைத்தால் அடியில் ஓவியம் கிடைக்குமா? துளைகளைச் சுற்றி வண்ணம் செதிலாகப் பெயர்கிறது, அதற்கு என்ன செய்யலாம்?

நாராசம்:

முதலில் ஒரு சொல். ஏட்டின் மேலும் கீழும் வைக்கும் பலகைக்குத் தமிழில் ‘கம்பை’ என்றே பெயர் இருக்கிறது. சிங்களத்தில் இன்றும் ‘கம்ப’ என்கிறார்கள். குறிப்பில் ‘மேல்மூடி’, ‘அட்டை’ என்றெல்லாம் எழுதிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் பலகையில் இருப்பது அஷ்டமகாபிராதிஹார்யம், அதாவது எட்டுப் பெருநிகழ்வுகள். பால வமிச அரசர் கால வங்காள, பீகார்ச் சிற்பங்களிலும் ஏடுகளிலும் நேபாளத்திலும் திரும்பத் திரும்ப வரும் தொகுதி. இதை வாழ்க்கை வரலாறாக வாசிக்கப் போனால் சிக்கிக்கொள்வீர்கள். இது எட்டுத் தலங்களின் பட்டியல்: லும்பினி, புத்தகயா, சாரநாத், சிராவஸ்தி, சங்காசியா, ராஜகிருகம், வைசாலி, குசிநகரம். ஆகவே கால வரிசை மாறியிருந்தால் ஓவியர் பிழை என்று எழுதிவிடாதீர்கள். பிறப்பை ஒரு கோடியிலும் பரிநிர்வாணத்தை மறு கோடியிலும் வைத்துவிட்டு நடுவில் உள்ளவற்றை இடவசதிப்படி அமைப்பது உண்டு. அமர்ந்ததற்கு எதிரில் அமர்ந்தது, நின்றதற்கு எதிரில் நின்றது என்று சமன் பார்த்தும் வைப்பார்கள்.

அமர்ந்து, இரு கைகளையும் மார்பருகே வைத்து தர்மசக்கர முத்திரை காட்டும் இரண்டும் சாரநாத்தும் சிராவஸ்தியும். முத்திரையைப் பார்த்துப் பயனில்லை, பீடத்தைப் பாருங்கள். அடியில் ஒரு சக்கரமும் இருபுறமும் இரண்டு மான்களும் இருந்தால் சாரநாத் முதல் உபதேசம். மான் இல்லாமல் புத்தரின் இருபக்கமும் அதே முத்திரையில் சிறிய புத்தர்கள் இருந்தால் சிராவஸ்தி அற்புதம். அவர் தன்னைப் பல உருவாக்கிக் காட்டிய நிகழ்ச்சி அது. தோற்ற பிற சமயத்தார் கீழே சாய்ந்து கிடப்பதாகவும் சில இடங்களில் வரைவார்கள். 5.8 செ.மீ. அகலப் பலகையில் மான் என்பது நகக்கண் அளவுதான். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி இல்லாமல் ‘இல்லை’ என்று முடிவு கட்ட வேண்டாம். பீடத்தின் அடிப்பட்டைதான் முதலில் தேய்கிற இடமும்.

நின்ற கோலங்களில் ஒன்று சங்காசியா: தாயாருக்கு உபதேசித்துவிட்டு முப்பத்து மூவர் உலகிலிருந்து இறங்கி வருவது. ஏணியைத் தேடாதீர்கள், சிறிய ஓவியத்தில் பல சமயம் ஏணியே இருக்காது. பக்கத்தில் ஒருவர் குடை பிடித்திருப்பார், அவர் இந்திரன். இன்னொரு பக்கம் நிற்பவருக்கு மூன்று முகமோ சடைமுடியோ இருந்தால் பிரம்மா. மற்றொன்று ராஜகிருகம்: நளாகிரி யானையை அடக்கியது. யானை புத்தரின் முழங்கால் உயரம்கூட இல்லாமல், காலடியில் மண்டியிட்ட நாய்க்குட்டி போல் இருக்கும். அதைப் பீட அலங்காரம் என்று கடந்துபோனவர்கள் அதிகம்.

குரங்கு உள்ள கட்டத்தில் மேலும் கொஞ்சம் பாருங்கள். வைசாலியில் குரங்கு தேன் கொடுக்கிறது, புத்தரின் மடியில் பாத்திரம். கொடுத்த மகிழ்ச்சியில் குதித்துக் கிணற்றில் விழுந்து இறந்து தேவலோகம் போகிறது. சில ஓவியர்கள் கிணற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களையும் வரைந்துவிடுவார்கள். இருந்தால் அதைக் குறிப்பில் தவறாமல் சேருங்கள். எட்டுக் கட்டங்களில் கதை சொல்லும் ஆசை ஓவியருக்கு எட்டிப் பார்க்கும் இடம் அதுதான்.

கிளிமூக்கு:

இரண்டாம் பலகையில் இருப்பது சிபி இல்லை. சிபி என்றால் புறா வேண்டும், தராசு வேண்டும். உங்கள் விவரத்தில் இரண்டும் கிடையாது. உப்பரிகைப் பெண்ணும் கடைசி மண்டபமும் சேர்ந்தால் கதை ஒன்றே ஒன்றுதான்: சதாப்ரருதிதர். அஷ்டசாஹஸ்ரிகா நூலின் கடைசிப் பகுதியில், 30, 31-ஆம் இயல்களில் வருகிறது. நேபாளக் கம்பைகள் சிலவற்றில் இது வரையப்பட்டிருக்கிறது.

சுருக்கமாகக் கதை. ‘எப்போதும் அழுபவர்’ என்று பெயர் கொண்ட போதிசத்துவர் பிரக்ஞாபாரமிதையை, அதாவது முழுமையான ஞானத்தை, தேடி அழுதபடி அலைகிறார். கிழக்கே போ என்று ஒரு குரல் கேட்கிறது. கந்தவதி நகரில் தர்மோத்கதர் என்ற ஆசான் இருக்கிறார். அவருக்குக் காணிக்கை கொண்டுபோகக் கையில் ஒன்றுமில்லை. ஆகவே ஒரு நகரத்துக் கடைத்தெருவில் தன் உடலையே விலை கூறுகிறார். யார் காதிலும் அது விழாதபடி மாரன் (பௌத்தக் கதைகளில் ஞானத்துக்குத் தடை செய்பவன்) தடுத்துவிடுகிறான். இந்திரன் ஓர் இளம் பிராமண மாணவன் வடிவில் வந்து, வேள்விக்கு இதயமும் இரத்தமும் எலும்பு மஜ்ஜையும் வேண்டும் என்கிறான். இவர் கையைக் கீறி இரத்தம் வடிக்கிறார், தொடைச் சதையை அறுக்கிறார், எலும்பை உடைக்கச் சுவரோரம் போகிறார். மாடியிலிருந்து பார்த்த வணிகன் மகள் இறங்கி வந்து காரணம் கேட்கிறாள், காணிக்கைச் செல்வம் தன்னுடையது என்கிறாள். உடல் பழையபடி ஆகிறது. அவளும் ஐந்நூறு தோழியரும் தேர்களில் ஏறி அவரோடு கந்தவதிக்குப் போகிறார்கள்.

உங்கள் வலக்கோடி மண்டபம் அங்கே வருகிறது. கந்தவதியில் ஒரு கூடாகாரத்துக்குள் (கூரைமாட மண்டபம்), பொன்தகடுகளில் உருக்கிய வைடூரியத்தால் எழுதி ஏழு முத்திரைகள் இட்ட பிரக்ஞாபாரமிதை ஏடு வைக்கப்பட்டிருக்கிறது என்பது கதை. பீடத்தின் மேல் உள்ள ‘நீளமான ஏதோ ஒன்று’ ஏடு. இரண்டு பலகைக்கு நடுவே கட்டிவைத்த ஏடாகத்தான் வரைந்திருப்பார்கள், உருப்பெருக்கிப் பார்த்தால் குறுக்கே கயிற்றுக் கோடுகள் தெரியக்கூடும். ஏட்டின் கம்பையில் ஏட்டுக்கு நடக்கும் பூசையையே வரைந்திருக்கிறார்கள்.

நடுவில் உள்ள மஞ்சள் தெய்வம் பிரக்ஞாபாரமிதையேதான், அந்த ஞானத்தின் தெய்வ வடிவம். கைகள் தர்மசக்கர முத்திரையில் இருந்து, தோளருகே எழும் தாமரை மேல் ஏடு இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு கை என்றால் பின்கைகளில் ஏடும் செபமாலையும் இருக்கலாம்.

கட்டம் பிரிக்காத காட்சியைப் படிக்கும்போது ஆட்களை எண்ணாதீர்கள், ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவார். அவரது உடல் நிறம், ஆடை, முடி மூன்றையும் குறித்துக்கொண்டு அதே ஆள் எங்கெங்கே வருகிறார் என்று பலகை நெடுக ஒரு தாளில் புள்ளி வையுங்கள். ஒரு காட்சி முடிவதை மரம், வாசல்தூண், அல்லது முதுகைத் திருப்பி நிற்கும் ஒரு பக்கத்து ஆள் காட்டிக்கொடுக்கும். பிறகு அவர் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, தேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கதை அந்தத் திசையில் நகரும். நடுவில் தெய்வம் இருப்பதால் இரு கோடியிலிருந்தும் நடுவை நோக்கி வருகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். இடமிருந்து வலம் என்று முன்கூட்டி வைத்துக்கொண்டால் அறுக்கும் காட்சிக்கு முன்னாலேயே உடல் குணமாகிவிடும்!

இன்னொன்று, கந்தவதிக் காட்சிகளில் ஒருவர் தரையில் இரத்தம் தெளிப்பதைக் கண்டால் முதல் காட்சியின் மறுபதிப்பு என்று எண்ண வேண்டாம். தர்மோத்கதர் ஏழாண்டுச் சமாதியிலிருந்து எழுந்து உபதேசிக்கப் போகிறார். இடத்தில் புழுதி அடங்க நீர் தெளிக்க வேண்டும். மாரன் தண்ணீரை மறைத்துவிடுகிறான். ஆகவே தன் இரத்தத்தையே தெளிக்கிறார். இந்திரன் அதைச் சந்தனமாக மாற்றுகிறான்.

வண்ணக்குழம்பு:

வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டாம். நேபாளக் கம்பைகளில் அது அழுக்கு அல்ல, பூசை. சந்தனம், குங்குமம், செந்தூரம், அரிசி, பால், விளக்குப் புகை எல்லாம் தலைமுறைக் கணக்கில் ஏறியது. இந்த ஏட்டைப் பூவும் புகையும் பூச்சும் இட்டு வழிபடு என்று நூலே சொல்கிறது. ஏடு இருக்கும் நிலம் சைத்தியத்துக்கு (பௌத்த வழிபாட்டுத் தலம்) சமம் என்றும் சொல்கிறது. நேபாளத்தின் பாட்டன் நகரில் உள்ள குவா பகால் என்ற பௌத்த மடத்தில் பொன்னெழுத்துப் பிரக்ஞாபாரமிதை ஏட்டை வஜ்ராசாரியர்கள் (பௌத்தப் பூசகர்கள்) இன்றும் எடுத்து ஓதுகிறார்கள். அந்த வழக்கத்தின் தடயம்தான் உங்கள் பலகை மேல் இருப்பது. கரைப்பான் போட்டு எடுத்தால் அடியில் ஓவியம் கிடைக்கும் என்பதும் பெரும்பாலும் வீண் ஆசை.

அந்தப் படிவு உங்கள் இன்னொரு கேள்விக்கும் விடை வைத்திருக்கிறது. பூச்சு தடித்திருப்பது வழிபடும்போது மேலே இருந்த பலகை. கீழ்ப்பலகையின் வெளிப்பக்கத்தில் பூச்சு மெலிந்து, தரையிலோ பீடத்திலோ உராய்ந்து விளிம்பு மழுங்கியிருக்கும். ஆனால் இடையில் யாராவது இடம் மாற்றிக் கட்டியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பி எழுத வேண்டாம், பதிவேட்டில் ‘படிவின்படி மேல்பலகை’ என்று எழுதுங்கள்.

செதில் பெயர்வதற்குக் காரணம் துளைகளில்தான். கயிற்றை இழுத்துக் கட்டும் ஒவ்வொரு முறையும் துளை விளிம்பு அழுந்துகிறது. மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பிச் சுருங்குகிறது, அடியில் பூசிய வெள்ளைப் பூச்சு கூடவே நெகிழாது, வெடிக்கிறது. முதல் வேலை: பலகைகளை ஏட்டோடு கட்டுவதை நிறுத்துங்கள். ஓவியப் பக்கம் மேலே இருக்கும்படி தனிப் பெட்டியில் வையுங்கள், எதுவும் மேலே தொடக் கூடாது. ஈரப்பதம் 50 முதல் 55 சதம் என்று சொல்வார்கள். எண்ணைவிட ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்ட வேண்டாம். மஞ்சள் நிறம் அரிதாரமாக (ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் வெளிச்சத்தில் வெளுத்து ஆர்சனிக் ஆக்சைடாக மாறும். அவுரி நீலத்தோடு அரிதாரம் கலந்து செய்த பச்சை, மஞ்சள் போய்விட்டால் நீலமாகத் தெரியும். புத்தரின் பின்னால் உள்ள மரம் நீலமாக இருந்தால் ஓவியரின் கற்பனை என்று புகழ்வதற்கு முன் இதை யோசியுங்கள். கையுறை போட்டே தொடுங்கள், ஆர்சனிக் நஞ்சு.

ஒட்டும் வேலையைப் பயிற்சி உள்ள பாதுகாப்பாளர்தான் செய்ய வேண்டும். ஆனால் அவரோடு பேச இது உதவும். இந்த வண்ணங்கள் பிசினிலோ வச்சிரத்திலோ (தோல் பசை) குழைத்தவை, தண்ணீர் பட்டால் கரையும், மேற்பரப்பு மங்கலாக, பளபளப்பில்லாமல் இருப்பது இவற்றின் இயல்பு. ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் ஓரத்தில் ஈரப் பஞ்சு முனையால் சோதித்த பிறகே தொடங்குவார்கள். செதிலின் அடியில் முதலில் ஒரு துளி எத்தனால், அது பரப்பு இழுவிசையைக் குறைத்து வழி விடும். பின்னாலேயே 1 சதம் அளவில் ஸ்டர்ஜன் மீன் பசையோ, ஃபுனோரி என்ற கடற்பாசிப் பசையோ, மிக நுண்ணிய தூரிகையால். பசை கெட்டியாக இருந்தால் உள்ளே இறங்காமல் மேலே நின்று பளபளப்புத் திட்டு விடும். பாரலாய்ட் பி-72 போன்ற செயற்கைப் பிசின்கள் மங்கல் வண்ணத்தை இருட்டாக்கும், ஈரமான கல் போல் ஆகிவிடும், பிறகு முழுவதும் திரும்ப எடுக்க முடியாது.

மிக முக்கியமாக: பனையோலைக்குத் தடவும் எலுமிச்சைப்புல் எண்ணெயைக் கம்பைக்கும் தடவுகிற பழக்கம் இருக்கிறது. ஓவியமுள்ள பலகைக்கு அது கூடாது. வெள்ளைப் பூச்சு எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகக் கறைபடும், தூசியைப் பிடித்து வைக்கும், அதன்பின் நீர்ப்பசை எதுவும் ஒட்டாது. பூச்சி இருந்தால் ஆக்சிஜன் நீக்கிய உறையில் சில வாரங்கள் வைப்பதே நல்ல வழி.

ராமபாணம்:

மிக்க நன்றி. பெருக்கிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் ஒரு மான் தெளிவாக இருக்கிறது, மற்றது அழிந்திருக்கிறது. யானை, குடை இரண்டும் கிடைத்துவிட்டன. மண்டபத்தில் இருப்பது ஏடுதான், குறுக்கே இரண்டு சிவப்புக் கோடுகள்.

சில கூடுதல் தகவல்கள். ஏட்டின் கடைசி ஓலையில் நேபாள சம்வத் 268, பால்குன மாதம் என்று இருக்கிறது. துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தேன்: இரண்டு பலகையிலும் 21.4 செ.மீ., ஓலைகளில் 20.6 செ.மீ. முதல் பலகையில் ஒரு துளை பிரம்மாவின் முகத்தில் பாதியை வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டாவதில் துளையின் உள்விளிம்பில் சிவப்பு வண்ணம் வழிந்திருக்கிறது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனையில் (எந்தத் தனிமங்கள் உள்ளன என்று காட்டுவது) மஞ்சளில் ஆர்சனிக், சிவப்பில் பாதரசம், ஆடையின் ஆரஞ்சு நிறத்தில் ‘ஆர்சனிக் + ஈயம்’ என்று அறிக்கை.

நாராசம்:

நேபாள சம்வத் 879 அக்டோபரில் தொடங்குகிறது. ஆண்டுப் பிறப்பு இலையுதிர் காலத்தில் என்பதால் கார்த்திகை முதலான தொடக்க மாதங்களுக்கு 879-ம் மற்றவற்றுக்கு 880-ம் கூட்ட வேண்டும். பால்குனம் என்றால் 268 + 880 = 1148. கேம்பிரிட்ஜில் உள்ள புகழ்பெற்ற நேபாள ஏடு சம்வத் 135-ஐ 1015 என்று சொல்வதும் இதே கணக்குதான்.

ஆக, பதிவேட்டின் ‘12-ஆம் நூற்றாண்டு’ எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. ஓலையின் ஆண்டைப் பலகைக்கும் போட்டிருக்கிறார்கள். ஆனால் துளை இடைவெளி 8 மி.மீ. வேறுபடுகிறது. ஓலை காய்ந்து சுருங்கும், ஆனால் நீளவாக்கில் அவ்வளவு சுருங்காது. ஒரே நாராசமோ (ஏட்டுத் துளையில் செருகும் கம்பி) கயிறோ இரண்டிலும் நேராக இறங்காது. இந்தப் பலகைகள் இந்த ஏட்டுக்கு அளவெடுத்துச் செய்தவை அல்ல. கம்பையையும் ஏட்டையும் தனித்தனிப் பதிவாகப் பிரித்து, ‘சேர்த்து வைக்கப்பட்டிருந்தவை’ என்று மட்டும் எழுதுங்கள்.

கிளிமூக்கு:

துளைகளைப் பற்றி நீங்கள் எழுதியது இன்னும் ஒரு படி போகிறது. இரண்டாவது பலகையில் வண்ணம் துளைக்குள் வழிந்திருக்கிறது என்றால் துளையிட்ட பிறகு வரைந்தார்கள். முதல் பலகையில் துளை முகத்தை வெட்டுகிறது என்றால் வரைந்த பிறகு துளையிட்டார்கள். தன் துளை எங்கே வரும் என்று தெரிந்த ஓவியர் பிரம்மாவின் முகத்தைக் கொண்டுபோய் அங்கே வைக்க மாட்டார். முதல் பலகை வேறொரு சுவடியிலிருந்து வந்து, இரண்டாவதற்குச் சோடியாக்கத் துளையிடப்பட்டிருக்கலாம். அதில் பழைய துளை அடைத்த தடம் இருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள்: விளக்கைப் பலகை மட்டத்திலிருந்து 10, 15 பாகை உயரத்தில் மட்டும் வைத்து. மர முளை அடித்து மேலே வண்ணம் தீட்டியிருந்தால் வட்ட விளிம்பு நிழலாக எழும். சிறு தூண்கள் பிரிக்கும் கட்டங்களும் கட்டமற்ற ஓட்டமும் ஒரே சோடியில் வரக்கூடாது என்று விதி இல்லை, ஆனால் இங்கே அதையும் சேர்த்துச் சந்தேகப்படலாம். நெற்றிக்கோடு, கண் வெளிக்கோட்டைத் தாண்டும் விதம், காது வரைந்த முறை ஆகிய மூன்றையும் இரண்டு பலகைகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அகச்சிவப்புப் படம் எடுத்தால் அவுரி நீலம் மறைந்து அடியில் உள்ள கரிக்கோடு தெரியும், கை ஒன்றா இரண்டா என்று அங்கே பேசலாம்.

வண்ணக்குழம்பு:

அறிக்கையில் அந்த ‘ஆர்சனிக் + ஈயம்’ வரியை அப்படியே பதிய வேண்டாம். ஆர்சனிக்கின் முதன்மைக் கோடு 10.54, ஈயத்தின் எல்-ஆல்ஃபா கோடு 10.55 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கையடக்கக் கருவிக்கு இரண்டும் ஒரே மேடு, மென்பொருள் ஊகித்துப் பங்கு போடும். கருவி இயக்கியவரிடம் கதிர்வரைபடத்தையே கேளுங்கள். 12.6-இல் மேடு இருந்தால் ஈயம் உறுதி, 11.7-இல் இருந்தால் ஆர்சனிக் உறுதி. ஆரஞ்சில் 12.6 மட்டும் இருந்தால் அது வெறும் ஈயச்செந்தூரம். பச்சையையும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்: செம்பு இல்லாமல் ஆர்சனிக் மட்டும் வந்தால் அரிதாரமும் அவுரியும் கலந்தது. இரண்டு பலகைகளையும் ஒரே அமைப்பில், ஒரே நேர அளவில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஈயச்செந்தூரமும் அரிதாரமும் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லைகளில் கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது ஓவியரின் வெளிக்கோடு அல்ல, அரிதாரத்திலுள்ள கந்தகம் ஈயத்தைக் கறுக்க வைத்தது. படியெடுத்து வரைபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் மையிட்டுவிடுவார்.